உள்பக்கத்தையும் காட்டுங்கள்: கைவேலையைப் பகிரத் தொடங்குபவர்களுக்கு

பழைய பருத்திச் சட்டை ஒன்றை வெட்டி ஒரு பை தைத்தேன். பார்த்தவர்களில் பலர் "அழகா இருக்கே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு தோழி மட்டும் பையை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிசிறே தெரியலையே, இதை எப்படி மடிச்சீங்க?" என்று கேட்டார். அடுத்த அரை மணி நேரம் அந்த ஒரு மடிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சில நாளில் அவரும் ஒரு பை தைத்து எடுத்து வந்தார்.

கைவேலையைப் பகிர்வது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பாராட்டு கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பார்த்தவர் தன் வீட்டுக்குப் போய் ஊசியையோ தூரிகையையோ கையில் எடுத்தால், அந்த மகிழ்ச்சி வேறு மாதிரி. அப்படி ஒருவர் தொடங்க வேண்டுமானால் அவருக்கு உள்பக்கம் தெரிய வேண்டும். என்ன துணி, எத்தனை இழை, எங்கே கோணியது, எங்கே பிரித்து மறுபடி தைத்தீர்கள் என்பதெல்லாம். முதல் முறையாகத் தன் வேலையைப் பிறருக்குக் காட்டப்போகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எதை முதலில் காட்டுவது

தங்களுடைய ஆகச் சிறந்த வேலையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று காத்திருப்பவர்கள், மாதக்கணக்கில் எதையுமே காட்டாமல் இருந்துவிடுகிறார்கள். கை தேறத் தேறக் கண்ணும் தேறும். போன மாதம் பிடித்தது இந்த மாதம் குறையாகத் தெரியும். அதனால் அந்த நாள் வரவே வராது. கடைசியாக எதை முடித்தீர்களோ அதை எடுங்கள். எப்படிச் செய்தோம் என்பது இன்னும் நினைவில் இருக்கும் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது. முழங்கை கிழிந்த சட்டைக்குப் போட்ட ஒட்டு, காலி அட்டைப்பெட்டியில் செய்த பேனாத் தாங்கி, போனில் பேசிக்கொண்டே நோட்டின் ஓரத்தில் வரைந்த இலை, மிச்ச நூலில் பின்னிய ஒரு வட்டம். இவற்றைக் காட்டத் தயங்க வேண்டாம். சுவரளவு ஓவியத்தைப் பார்ப்பவர் வியந்துவிட்டு நகர்வார். கிழிந்த முழங்கையை அடைத்த விதத்தைப் பார்ப்பவர் தன் அலமாரியைத் திறப்பார்.

பாதியில் நிற்கும் வேலையையும் காட்டலாம். பாதி என்று சொல்லிவிட்டு, எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

செய்யும்போதே படம் எடுங்கள்

இதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். வேலை முடிந்தபின் எடுக்க முடியாத படங்கள் பல உண்டு. வண்ணம் பூசிவிட்டால் பென்சில் கோடு மறைந்துவிடும். பஞ்சு அடைத்து வாயை மூடிவிட்டால் பொம்மையின் உள்தையலைக் காட்ட வழியில்லை. திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் வேலையைப் பிரிக்கத்தான் வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு நிமிடமும் படம் எடுத்துக்கொண்டிருந்தால் கைவேலையின் சுகமே போய்விடும். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். தொடங்கும் முன் எல்லாப் பொருளையும் மேசைமேல் பரப்பி ஒன்று. இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் ஒன்று. எதையாவது மூடப்போகிறோம், ஒட்டப்போகிறோம், மறைக்கப்போகிறோம் என்றால் அதற்குச் சற்று முன் ஒன்று. என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது படத்தைத்தான் கேட்கிறார்கள்.

மேலிருந்து எடுக்கத் தனித் தாங்கி தேவையில்லை. கனமான புத்தகங்களை அடுக்கி, போனின் கேமரா இருக்கும் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மறுமுனையின்மேல் இன்னொரு கனமான புத்தகத்தை வையுங்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்துவிடும். ஒரு மணி நேர வேலையை அரை நிமிடமாகச் சுருக்கிக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோ பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து யாரும் ஒரு முடிச்சுகூடக் கற்றுக்கொள்ள முடியாது. கடினமான அந்த ஒரு முடிச்சை மட்டும், கை நகரும் அதே வேகத்தில், 20 விநாடி எடுத்துக் காட்டுங்கள். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

தவறு நடந்தால் அதையும் உடனே ஒரு படம். மெல்லிய தாளில் வாட்டர்கலர் போட்டு, தாள் அலை அலையாக நெளிந்துவிட்டதா? சரிசெய்யும் முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் தாள், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள், ஏன் வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்வதுபோல் எந்த விளக்கமும் சொல்லாது.

வெளிச்சம்

நீலப் பூ ஒன்றைத் துணியில் தைத்து, முடித்த உற்சாகத்தில் இரவே மஞ்சள் விளக்கின் கீழ் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் படத்தை நம்பி, அதே பூவைத் தைக்க விரும்பிய ஒருவர் பச்சை கலந்த நூலாகப் பார்த்து எடுத்துவிட்டார். அன்றிலிருந்து வெளிச்சத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு நிறச்சாயல் உண்டு. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டு மஞ்சள் விளக்கு சுமார் 2700 கெல்வின், நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். நம் கண் இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்வதால் வெள்ளைத் தாள் எங்கேயும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. கேமராவோ ஊகித்துச் சரிசெய்கிறது. ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஒன்றுக்குச் சரிசெய்யும்போது மற்றது கெட்டுவிடும். படத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள்.

ஆகவே பகலில், ஜன்னலருகே, அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயில் பொருளின்மேல் விழக் கூடாது. மேகமூட்டமான நாள் என்றால் வெளிச்சம் மென்மையாகப் பரவி நிழலை இளக்கிவிடும். பொருளை ஜன்னலிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் வையுங்கள், தள்ளிப் போகப் போக வெளிச்சம் வேகமாகக் குறையும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தையல், நெசவு, தூரிகைத் தடம், களிமண்ணில் விரல் பதிந்த பள்ளம் எல்லாம் எழுந்து தெரியும். நிழல் விழும் பக்கம் இருண்டுபோனால் அங்கே ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தி வையுங்கள், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் பச்சைச் சுவரோ சிவப்புத் திரையோ இருந்தால் அதன் சாயல் பொருளின்மேல் படியும் என்பதையும் கவனியுங்கள்.

வெள்ளைத் தாளில் வரைந்த படம் போட்டோவில் சாம்பல் நிறமாக வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாகக் காட்ட முயல்வதால் வரும் விளைவு அது. திரையில் அந்த இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தை மேலே நகர்த்துங்கள், தாள் வெளுக்கும். கருப்புத் துணி என்றால் நேர்மாறாகக் கீழே.

அடுத்தது தூரம். போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். கிட்டே கொண்டுபோனால் முன்னால் இருப்பது வீங்கித் தெரியும், கிண்ணத்தின் விளிம்பு கோணலாகும். இரண்டடி பின்னால் போய் 2 மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் வடிவம் நேராக வரும். தட்டையான ஓவியம் என்றால் சுவரில் ஒட்டி, போனை அதற்கு இணையாகப் பிடியுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் ஓவியத்தின் விளிம்பை அதனோடு பொருத்திப் பார்க்கலாம். கண்ணாடிச் சட்டம் போடுவதாக இருந்தால், போடும் முன்பே படத்தை எடுத்துவிடுங்கள்.

சின்ன ஓவியங்களுக்கு ஸ்கேனர் நல்லது. 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வைத்தால் ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல் அளவில் வரும், அதே அளவில் அச்சிட அது போதும். ஆனால் தடித்த அக்ரிலிக் பூச்சும் ஜரிகை மினுக்கமும் ஸ்கேனரில் செத்துப்போகும். அவற்றுக்கு ஜன்னல்தான்.

பின்னணி பற்றி நிறைய அறிவுரைகள் உண்டு. எனக்குத் தெரிந்து, கண்ணை இழுக்காத எந்த மேசையும் போதும். அதைவிட முக்கியமானது, எடுக்கும் முன் லென்ஸை மெல்லிய துணியால் ஒரு முறை துடைப்பது.

படத்தைப் பிறகு திருத்தும்போது பொருளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் வரை மட்டும் திருத்துங்கள். அழகுக்காக ஃபில்டர் போட்டால் நிறம் பொய்யாகிவிடும். கைவேலையில் நிறமும் ஒரு தகவல். அதை நம்பி ஒருவர் நூல் எடுக்கப்போகிறார்.

அளவும் பின்பக்கமும்

ஒரு படத்திலாவது பொருளைக் கையில் பிடித்துக் காட்டுங்கள், அல்லது பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். ஒரு படம் பின்பக்கம். எம்பிராய்டரி செய்கிறவர்கள் பின்பக்கத்தைக் காட்ட வெட்கப்படுகிறார்கள். நூல் எங்கிருந்து எங்கே தாவியது, எங்கே முடிந்தது என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. அலங்கோலமாக இருந்தாலும் காட்டுங்கள். புதிதாகத் தொடங்கியிருக்கும் இன்னொருவர் தன் துணியைத் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

என்ன எழுதுவது

படம் மட்டும் அனுப்பினால் பாதிதான். நான்கைந்து வரி போதும், ஆனால் அந்த வரிகளில் எண்கள் இருக்கட்டும். என் பைக்கு நான் எழுதிய குறிப்பு இது:

"பழைய பருத்திச் சட்டையின் முதுகுப் பகுதியில் தைத்த பை. அகலம் 32 செ.மீ., உயரம் 38 செ.மீ. ஓரத்தைப் பிசிறு தெரியாமல் இரண்டு தையலில் முடித்திருக்கிறேன். துணியின் நல்ல பக்கம் வெளியே பார்க்கும்படி இரண்டு துண்டையும் சேர்த்து, ஓரத்திலிருந்து 5 மி.மீ. விட்டு முதல் தையல். பிசிறை 3 மி.மீ. அளவுக்கு நறுக்கி, உள்வெளியாகத் திருப்பி, 7 மி.மீ. விட்டு இரண்டாவது தையல். பிசிறு நடுவில் சிக்கிக்கொள்ளும். முதல் முறை நறுக்காமல் விட்டதால் நூல்முனைகள் வெளியே எட்டிப் பார்த்தன. பிரித்து மறுபடி தைத்தேன். மொத்தம் மூன்று மாலைகள்."

இதில் எந்தச் சொல்லும் அலங்காரமில்லை. "மனசுக்கு நெருக்கமான ஒரு முயற்சி" என்று எழுதியிருந்தால் உண்மையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் படிப்பவர் கையில் எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

ஒவ்வொரு வேலைக்கும் அதற்கே உரிய சில விவரங்கள் உண்டு. எம்பிராய்டரி நூல் பெரும்பாலும் 6 இழை சேர்ந்தது, நீங்கள் எத்தனை இழை பிரித்து எடுத்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நூலின் பெயரைவிட எண் பயன்படும்: டிஎம்சி என்ற நூல் நிறுவனத்தின் 310 என்றால் எங்கிருப்பவருக்கும் அதே கருப்பு. கிராஸ் ஸ்டிட்ச் என்றால் துணியின் கணக்கு. கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், 140 கட்ட அகலமுள்ள படம் 10 அங்குலம் வரும். அதையே 18 கவுண்ட் துணியில் தைத்தால் 8 அங்குலத்துக்கும் குறைந்துவிடும்.

குரோஷே பின்னுகிறவர்கள் ஊசியின் அளவை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். 10 செ.மீ. சதுரத்தில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை வந்தது என்றும் சொல்லுங்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு. இன்னொரு குழப்பம் இங்கே உண்டு. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படுவதுதான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே. எந்த முறை என்று ஒரு சொல் சேர்க்காவிட்டால் உங்கள் குறிப்பைப் பார்த்துப் பின்னுகிறவருக்குப் பாதி வழியில் சால்வை போர்வையாகிவிடும்.

வண்ணங்களில் டியூபின்மேல் இருக்கும் கவர்ச்சியான பெயரை நம்ப வேண்டாம். சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பிபி29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், எந்த நிறுவனம் தயாரித்தாலும் நிறமி அதுதான். பிஆர்83 என்று இருந்தால் அது அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கக்கூடியது. அதில் வரைந்ததைப் பரிசாகக் கொடுத்தால் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதால், ஈரத்தில் இருந்த அளவையும் முடிவில் வந்த அளவையும் இரண்டையும் எழுதுவது நல்லது.

பாதுகாப்பு விஷயம் ஏதாவது இருந்தால் அதை முதல் வரியிலேயே வையுங்கள். எபாக்ஸி ரெசின் கலக்கும்போது கையுறை போட்டேன், ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பதைச் சொல்லாமல் பளபளக்கும் தட்டை மட்டும் காட்டினால், பார்த்துச் செய்கிறவர் வெறும் கையோடு இறங்கிவிடுவார்.

பார்வையில்லாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படத்தை விவரித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. அந்த விவரிப்பை எழுத வேண்டியது நாம்தான். "பூ வேலைப்பாடு" என்று விட்டுவிடாமல், "வெள்ளைத் துணியில் ஐந்து இதழ் நீலப் பூ, இதழ் ஓரத்தில் சங்கிலித் தையல்" என்று எழுதுங்கள். தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

யாரிடமிருந்து எடுத்தீர்கள்

கைவேலையில் எல்லாமே யாரிடமிருந்தோ வந்ததுதான். பாட்டி காட்டிய தையல் என்றால் அப்படியே சொல்லுங்கள். வேறொருவர் வெளியிட்ட வடிவத்தைப் பார்த்துப் பின்னியிருந்தால் அவர் பெயரையும் வடிவத்தின் பெயரையும் முதலிலேயே சொல்லுங்கள். நிறத்தை மாற்றிவிட்டதால் அது நம்முடையது ஆகிவிடாது.

சட்டமும் ஓரளவு தெரிந்திருக்கட்டும். 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி, வரைந்த நொடியிலேயே ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவருடையது, பதிவு செய்யத் தேவையில்லை. பொதுவாக அவர் வாழ்நாளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அது செல்லும். பல நாடுகளில் இன்னும் நீளம். ஆனால் உத்திக்குப் பதிப்புரிமை கிடையாது. சங்கிலித் தையலோ ஈரத்தின்மேல் வண்ணம் விடுவதோ யாருக்கும் சொந்தமில்லை. அதை வைத்து ஒருவர் வரைந்த குறிப்பிட்ட படமும் எழுதிய வழிமுறையும்தான் அவருக்குச் சொந்தம். விலை கொடுத்து வாங்கிய வழிமுறையைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்புவது அன்பாகத் தோன்றலாம். எழுதியவருக்கு அது இழப்பு.

உங்கள் வேலையை மற்றவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் அதைச் சொல்லவும் வழி உண்டு. 2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை, வணிகத்துக்குக் கூடாது என்பது இன்னொரு வகை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறிப்பின் கடைசியில் ஒரு வரி.

காட்டுவதும் கேட்பதும்

முதலில் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள், அதே வேலையைச் செய்கிறவராகப் பார்த்து. அவர் உள்பக்கத்தைத் திருப்புவார். பிறகு சிறு குழு, பிறகு பொதுவெளி. இந்த வரிசையில் போனால் கேள்விகள் என்னென்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், உங்கள் குறிப்பும் செம்மையாகும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். "இந்த நிழல் மேசைமேல் விழுந்ததுபோல இருக்கா, இல்ல கறை மாதிரி இருக்கா?" என்று கேட்டால் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். குறை சொன்னால் உடனே விளக்கம் கொடுக்க வாய் வரும். ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன இடத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் உங்களையே மட்டம்தட்டினால் அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, பதிலும் தேவையில்லை.

குழந்தை வரைந்த படத்தைக் காட்டும் முன் குழந்தையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முழுப் பெயர், பள்ளிச் சீருடை, வீட்டு எண் எதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடம் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும், கேமரா அமைப்பில் அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

யாராவது உங்களைப் பார்த்துச் செய்துவிட்டு அனுப்பினால், அவர் எதை மாற்றினார் என்று கேளுங்கள். மற்றவர்களுக்குக் காட்டலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். என் தோழி தைத்து எடுத்து வந்த பையை நானும் உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் நான் சொன்னபடியே மடிந்திருந்தது. ஆனால் சட்டையின் மார்புப் பையைப் பிரிக்காமல், அந்தத் துண்டு உள்பக்கம் பார்க்கும்படி வெட்டியிருந்தார். சாவி வைக்க இடம் தயாராக இருந்தது. வெட்டும்போது எந்தப் பக்கத்திலிருந்து அளந்தீர்கள் என்று கேட்டேன். பித்தானை எல்லாம் கழற்றிவிட்டு, மார்புப் பையின் நடுவிலிருந்து இரு பக்கமும் 16 செ.மீ. என்றார். அடுத்த பையை அப்படித்தான் வெட்டினேன், குறிப்பில் அவர் பெயரோடு.